குகதாசனுக்குப் போன நல்லி

அடுத்த நல்லி எனக்குத்தான். நோன்புப் பெருநாளன்று பின்னேரம் கை கழுவிவிட்டு வந்து, கண்ணாடிக்கு முன்னால் நின்று நான் எடுத்த சபதம் இது.

நல்லி என்றால் ஆட்டின் கால் எலும்பு. சோற்றுக் கோப்பையில் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே இருப்பது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். என் மனைவி றிஸ்வியா ஒரு சட்டிப் புரியாணிக்கு ஒரு நல்லிதான் போடுவாள். அது யாருடைய கோப்பையில் விழுகிறதோ அவர்தான் அன்றைக்கு எங்கள் வீட்டில் பெரிய மனிதர். கட்டிய புருசன் நான் இருக்கிறேன். பல வருசமாக அது விழுவது குகதாசனுடைய கோப்பையில்.

குகதாசன் உரும்பிராயில் வெங்காயம் செய்கிறவன். என்னைவிட வயதில் கொஞ்சம் இளையவன். ஆனால் தலைமயிர் என்னைவிட முந்திக்கொண்டு போய்விட்டது. நான் சின்ன வயதில் யாழ்ப்பாணத்தைவிட்டுப் போனவன். போகச் சொன்னார்கள், போனோம். புத்தளத்தில் சிங்களத்திலும் படித்து, ஒருவழியாகத் திரும்பி வந்து, சோனகத் தெருவில் 'மொழிபெயர்ப்பாளர்' என்று பலகை மாட்டியிருக்கிறேன். குகதாசன் ஒரு காணி உறுதியைச் சிங்களத்தில் மாற்ற வந்தான். மத்தியானம் ஆகிவிட்டதால் சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன சொற்களிலேயே திருப்பி வாங்க ஆசைப்படுகிற சொல் அதுதான்.

பெருநாளன்றும் மனைவி பத்மாசினியோடு வந்திருந்தான்.

"தங்கச்சி, உதென்ன கையோ, இல்லாட்டி உள்ளுக்கை வேறை ஏதும் மருந்து போடுறியளோ?"

"சும்மா போங்கோ அண்ணை."

"பகிடி இல்லைத் தங்கச்சி. ஒவ்வொரு சோறும் தனித்தனியாய் எழும்பி நிண்டு சலாம் சொல்லுது."

சோறு சலாம் சொல்லுகிறதாம்! றிஸ்வியாவின் முகத்தில் லைற் எரிந்தது. அகப்பை சட்டிக்குள் போனது. தேடியது. எடுத்தது. டொக்! குகதாசன் கோப்பை.

எனக்கு இரண்டு மொழி தெரியும். இரண்டிலும் 'நல்லாயிருக்கு' என்று சொல்ல வராது. சாப்பிட்டு முடிந்ததும் 'ம்' என்பேன். அந்த 'ம்'முக்குள் எவ்வளவு கிடக்கிறது என்பதை யாராவது மொழிபெயர்த்துச் சொன்னால்தான் உண்டு. தவிர, நான் கடைச் சோறு வாயில் வைக்கமாட்டேன். மணத்திலேயே கண்டுபிடித்துத் தள்ளிவிடுவேன். ஒரு மனைவிக்கு இதைவிடப் பெரிய பாராட்டு என்ன இருக்கிறது? றிஸ்வியாவுக்கு அது போதவில்லை.

நல்லியை உறிஞ்சிக்கொண்டே குகதாசன் அடுத்த குண்டைப் போட்டான்.

"நான் கந்தசட்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும்தான் தங்கச்சி."

"ஆறு நாளுமோ! வேலையும் செய்துகொண்டோ? இவர் நோன்பெண்டால் பத்து மணிக்கே பாயைத் தேடுவார்."

எனக்குப் பொறுக்கவில்லை. "இனி நான் மாசாமாசம் பௌர்ணமி நோன்பு மூண்டும் பிடிக்கப்போறன்" என்றேன். நிலா நிறைகிற மூன்று நாளும் பிடிக்கிற சுன்னத்தான நோன்பு அது. கட்டாயம் இல்லை. பிடித்தால் நன்மை. சொன்னேன். அன்றைக்கே மறந்தும் போனேன்.

மறக்காத சபதம் நல்லிச் சபதம்தான். அதற்கு வழி காட்டியவன் கிறிஸ்ரோபர். குருநகர்க்காரன், என் சிநேகிதன், வான் வைத்திருக்கிறான்.

"மச்சான், கொடிகாமம் தாண்டிப் புதிசாய் ஒரு பார்க் திறந்திருக்கு. தண்ணிச் சறுக்கு, கப்பல் ஊஞ்சல் எல்லாம் கிடக்காம். பாத்திட்டு அப்பிடியே மணற்காடு, பருத்தித்துறையெண்டு கடற்கரை றோட்டாலை வருவம். குகதாசன் ஆக்களையும் கூப்பிடு."

றிஸ்வியா புரியாணி கட்டுவாள். குகதாசன் சாப்பிடுவான். சோறு சலாம் சொல்லும். நான் வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தபோதுதான் மூளையில் மின்னியது. குகதாசனுக்குத் தாய் இல்லை. தாயை இழந்தவர்கள் சித்திரைப் பௌர்ணமிக்கு விரதம் பிடிப்பார்கள் என்று பத்மாசினி ஒருநாள் சொல்லியிருந்தாள். கலண்டரைப் பார்த்தேன். பௌர்ணமி, பௌத்தர்களின் போயா, லீவு. மூன்றும் ஒரே கட்டத்துக்குள் சிரித்துக்கொண்டு இருந்தன.

"போயாவுக்குப் போவம்" என்றேன்.

விரதக்காரன் புரியாணியை மணந்தும் பார்க்கமாட்டான். சட்டிக்கு நான் ஒருவனே சொந்தக்காரன். நல்லி விழும். அந்த நேரத்தில் 'ம்' என்று சொல்லிக் கெடுக்கக் கூடாது. ஆகவே, சத்தியக் கூற்று மொழிபெயர்க்கிற கவனத்தோடு ஒரு பாராட்டைத் தயாரித்தேன். வெட்டினேன், திருத்தினேன், குளியலறையில் சொல்லிப் பார்த்தேன்: 'இது புரியாணி இல்லை றிஸ்வியா. இது உம்மடை கையெழுத்து. கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் வாசிப்பன்.'

குகதாசனுடைய சலாம் இதற்குக் கிட்ட நிற்குமா?

பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம். றிஸ்வியா போனில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் பத்மாசினி அக்கா... ஓம், இவரும் நாளைக்கு நோன்புதான்... அதுக்குத்தானே இந்த நாளைப் பாத்து வைச்சவர். குகதாசன் அண்ணை தனிய விரதம் இருக்கக் கூடாதாம், தானும் சேர்ந்து பிடிக்கிறாராம்... வெளியிலை சொல்லமாட்டார் அக்கா. எல்லாத்தையும் மனசுக்குள்ளை வைச்சிருக்கிற ஆள்."

நான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தேன்.

"ஆருக்கு நோன்பு?"

"உங்களுக்கு."

"எனக்கோ?"

"நாளைக்குப் பிறை பதிமூண்டு, முதல் நோன்பு. பெருநாளண்டு எல்லாருக்கும் முன்னாலை சொன்னனீங்கள். மறந்து போச்சுதோ?"

"அப்ப நீரும் பிடிக்கிறீரோ?"

"எனக்கு நாளைக்கு இல்லை."

அது ஏன் என்று எந்தக் கணவனும் திருப்பிக் கேட்பதில்லை. அதற்குள் போனை என் காதில் வைத்துவிட்டாள். அந்தப் பக்கம் குகதாசன். எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி என்னை நானா என்பான்.

"நானா... அம்மாவுக்கெண்டு விரதம் இருக்கேக்கை என்ரை சொந்தத் தம்பியே என்னோடை சேர்ந்து இருந்ததில்லை நானா. நீங்கள்..."

"ம்" என்றேன்.

போனை வைத்ததும் றிஸ்வியா சொன்னாள்: "யோசியாதையுங்கோ. பொழுதுபட்டு மஃரிபுக்கு நோன்பு திறக்கப் புரியாணி. அண்ணைக்கு விரதம். நல்லி உங்களுக்குத்தான்."

நல்லி உங்களுக்குத்தான்! ஒரு பகல்தானே. ஒரு நல்லிக்காக ஒரு பகலைத் தாண்டமாட்டேனா?

காலையில் வான் வந்தது. றிஸ்வியாவின் காலடியில் பெரிய மூடிச்சட்டி. வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"எப்ப சமைச்சனீர்?"

"விடியமுன்னம் சஹர் சாப்பிட்டிட்டு நீங்கள் குறட்டை விடேக்கை இந்த வீட்டிலை எத்தினை வேலை நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

துணியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். கையில் ஒரு அடி விழுந்தது.

"தொடாதையுங்கோ! தம் கலைஞ்சு போகும்."

தொடவில்லை. ஆனால் குனிந்து ஒருமுறை மூச்சை இழுத்தேன். ஏலம், கராம்பு, கொஞ்சம் நெய். என் மூக்கு பொய் சொல்லாது.

உரும்பிராயில் குகதாசன் என்னைக் கட்டிப்பிடித்ததில் அவனுடைய திருநீறு என் சேட்டில் பாதி. அங்கே வான் ஒன்றரை மணித்தியாலம் நின்றது. பெண்கள் இருவரும் குசினிக்குள் போய்விட்டார்கள். எனக்குக் குகதாசன் வெங்காயத் தறையைக் காட்டினான். வெறும் வயிற்றோடு வெங்காயத்தைப் பற்றி ஒரு மனிதனால் எவ்வளவு கேட்க முடியுமோ அவ்வளவும் கேட்டேன். பெண்கள் கூடையும் வாழையிலைச் சுருளுமாக வந்தார்கள். என்ன என்று நான் விசாரிக்கவில்லை. என் கண் சட்டியில் இருந்தது.

கொடிகாமச் சந்தையடியில் கிறிஸ்ரோபர் முணுமுணுத்தான்.

"போயா எண்டபடியால் இறைச்சிக்கடை எல்லாம் பூட்டு. மனுசி ஜெனிற்றா பின்னேரத்துக்கு ஒரு கிலோ கேட்டவள். இண்டைக்கு எனக்கு வீட்டிலை பூசைதான்."

"முன்கூட்டி யோசிக்கவேணும் கிறிஸ்ரோபர்" என்றேன், சட்டியைப் பார்த்துப் பெருமையோடு. றிஸ்வியா ஜன்னலால் வெளியே பார்த்தாள்.

பார்க்கில் சனம் என்றால் சனம். பள்ளிக்கூட லீவு. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. முதலில் தண்ணிச் சறுக்கு. நீலக் குழாய்க்குள்ளால் 'ஊ' என்று வந்து தண்ணீருக்குள் விழுகிறார்கள். விழுந்தவர்கள் எல்லாம் ஒரு மிடறு குடித்துவிட்டுத்தான் எழும்புகிறார்கள். நான் குடித்தால் நோன்பு போய்விடும். நோன்பு போனால் நல்லி போய்விடும்.

"நீங்கள் உதிலை இருங்கோ" என்று றிஸ்வியா எல்லாருடைய செருப்பையும் கைப்பையையும் என் முன்னால் குவித்துவிட்டுப் போனாள். சறுக்கில் ஏறவில்லை. பத்மாசினியும் அவளும் கரையில் நின்றார்கள். குகதாசன் ஏறினான். வெங்காய மூட்டை ஒன்று மலையால் உருண்டு வருவதுபோல் வந்து விழுந்தான். றிஸ்வியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கலியாணம் செய்த நாளிலிருந்து என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. சிரித்திருக்கிறாள், ஆனால் அது வேறு சிரிப்பு.

கிறிஸ்ரோபர் ஐஸ்கிறீமோடு வந்து பக்கத்தில் இருந்தான்.

"உனக்கு நோன்பெல்லோ. பாவம். எங்கடை ஆக்களுக்குத் தவக்காலம் போன மாசமே முடிஞ்சுது." ஒரு நக்கு நக்கினான். "குகதாசன்ரை உசாரைப் பாத்தியோ? அவரும் விரதம்தானே?"

"வாயை மூடிக்கொண்டு நக்கு."

"வாயை மூடிக்கொண்டு எப்பிடி மச்சான் நக்கிறது?"

நான் எழும்பினேன். விரதக்காரனுக்கு உசார் என்றால் நோன்பாளிக்கு இல்லையா? நேரே கப்பல் ஊஞ்சலுக்குப் போனேன். "நானும் வாறன்" என்று குகதாசன் ஓடிவந்து பக்கத்தில் ஏறினான். கப்பல் மேலே போனது. என் வயிறு கீழேயே நின்றுவிட்டது. கப்பல் கீழே வந்தது. வயிறு மேலே போனது. இரண்டும் ஒரு இடத்திலும் சந்திக்கவில்லை. குகதாசன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு "அரோகரா!" என்றான். எனக்கு வெளியே வருவதற்கு வயிற்றில் ஒன்றும் இல்லாததால் சத்தம் மட்டும் வந்தது.

இறங்கும்போது அவன்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். "கவனம் அண்ணை, இவருக்கு உதொண்டும் பழக்கமில்லை" என்று றிஸ்வியா அவனுக்கு நன்றி சொன்னாள். எனக்குச் செருப்பை எடுத்துத் தந்தாள்.

மத்தியானம் குகதாசன் வெயிலைப் பார்த்தான்.

"பத்மா, நேரமாச்சு."

வேப்பமரத்துக்குக் கீழே பாய் விரிந்தது. வாழையிலை விரிந்தது. கூடை திறந்தது. கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, அப்பளம், பாயாசம். எனக்குத் தலை சுற்றியது.

"இதென்ன?"

"விரதச் சாப்பாடு நானா."

"விரதத்திலை சாப்பாடோ?"

"காலமை ஒண்டுமில்லை. மத்தியானம் அம்மாவுக்குப் படைச்சு, காகத்துக்கு வைச்சிட்டு, ஒரு நேரம் மரக்கறியாய்ச் சாப்பிடுறது. ஏன் நானா, உங்களுக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. விரதம் என்றால் எங்கள் நோன்பு மாதிரிச் சூரியன் இறங்கும்வரை, பாலும் பழமும்கூட அதற்குப் பிறகுதான் என்று நினைத்திருந்தேன். நான் வளர்ந்த இடத்தில் சுற்றிவர எல்லாரும் எங்களைப்போல நோன்பு பிடிப்பவர்கள். பக்கத்து ஊர்க்காரன் விரதத்தில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவான் என்று தெரியாத அளவுக்கு நாங்கள் தூரத்தில் இருந்துவிட்டோம் என்று ஒரு கணம் கவலைப்பட்டேன். ஒரு கணம்தான். அதற்குள் கத்தரிக்காயின் மணம் மூக்கில் ஏறிவிட்டது.

இலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துத் தூர வைத்தான். காகம் வந்தது. சாப்பிட்டது. அன்றைக்கு அந்தப் பார்க்கில் சாப்பிடாத சீவன் நான் ஒருவன்தான்.

"கறியெல்லாம் றிஸ்வியாதான்" என்றாள் பத்மாசினி. "என்ரை சட்டி, என்ரை அடுப்பு. ஆனால் என்னை ஒண்டையும் தொட விடேல்லை."

குகதாசன் ஒரு கவளம் வாயில் வைத்தான். கண்ணை மூடினான். இனி எது சலாம் சொல்லப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் பகிடி விடவில்லை.

"தங்கச்சி" என்றான் மெல்ல. "அம்மா இருந்திருந்தால் இந்தக் கத்தரிக்காயை ரண்டாந்தரம் கேட்டு வாங்கியிருப்பா."

றிஸ்வியா சால்வைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். நான் திரும்பிக் காகத்தைப் பார்த்தேன். இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படிப் போட்டி போடுவது? என் கையெழுத்து வசனத்தை மனதுக்குள் எடுத்துப் பார்த்தேன். கொஞ்சம் மெலிந்து போயிருந்தது. பரவாயில்லை. நல்லி என் பக்கம்.

"புரியாணி வானுக்குள்ளை வெயிலிலை கிடக்கு. கெட்டுப் போகாதோ?" என்று கேட்டேன்.

"அது கெடவே கெடாது" என்றாள் றிஸ்வியா.

எவ்வளவு நம்பிக்கை அவளுக்குத் தன் கையில்!

பின்னேரம் மணற்காட்டுப் பக்கத்தால் வந்தோம். வலது பக்கம் கடல். சவுக்கு மரங்களுக்குள்ளால் காற்று வந்தது. வானுக்குள் எல்லாரும் பாட்டு. நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சட்டிக்கு மேலே மிதந்தேன். பருத்தித்துறைச் சந்தியில் குகதாசன் கத்தினான்.

"கிறிஸ்ரோபர் அண்ணை, நிப்பாட்டுங்கோ! தட்டை வடை வாங்கவேணும்."

இறங்கினான். பின்னால் றிஸ்வியாவும் இறங்கினாள். சட்டியும் இறங்கியது.

"சட்டி ஏனப்பா?"

"ஆறின சோற்றையோ நோன்பு திறக்கத் தாறது? ஏதாவது கடையிலை கேட்டுச் சூடாக்கிக்கொண்டு வாறன்."

எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. குகதாசன் சட்டியை ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தான். நல்ல நேரம் சென்றது. திரும்பி வரும்போது இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்தான். 'என் சட்டியைத் தூக்கிறதுக்கும் இவனோ?' என்று எரிந்தது எனக்கு. மற்றபடி வேறொன்றும் தோன்றவில்லை. பசி மனிதனை மூடனாக்கும். பொறாமை அந்த மூடனுக்குக் கண்ணையும் கட்டிவிடும்.

வல்வெட்டித்துறைக்குக் கிட்ட, கடலோரக் கல்லுக்கட்டில் பாய் விரித்தோம். மேற்கே சூரியன் இறங்கியது. கிழக்கே, பூசணிக்காய் மாதிரி நிலா எழும்பியது. என் போனில் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழம். தண்ணீர். உயிர்.

றிஸ்வியா துணியை அவிழ்த்தாள். மூடியைத் திறந்தாள். ஆவி! ஏலம், கராம்பு, நெய். காலையில் என் மூக்கு சொன்னது ஒன்றும் பிசகவில்லை. அகப்பை உள்ளே போனது. தேடவே இல்லை. மேலேயே இருந்தது.

டொக்!

என் கோப்பை.

குகதாசன் வடைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு தூரத்துக் கல்லில் இருந்து பார்த்தான். பார்க்கட்டும். நல்லியைத் தட்டினேன். வழுக்கிக்கொண்டு வந்தது. சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தேன். நாள் முழுக்கக் காய்ந்த நாக்கு அது. கண்ணில் தண்ணி வந்துவிட்டது. குளியலறையில் படித்த வசனம் தானாகவே கிளம்பியது.

"றிஸ்வியா."

"ம்?"

"இது புரியாணி இல்லை. இது உம்மடை கையெழுத்து. கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் வாசிப்பன்."

றிஸ்வியா அசையவில்லை. கையில் அகப்பை அப்படியே நின்றது. நிலா அவளுடைய முகத்தில் விழுந்தது. இத்தனை வருசமாகக் குகதாசனுக்கு எரிந்த லைற், கடைசியாக எனக்கு எரிந்தது.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றாள் மெல்ல.

சொன்னேன். இம்முறை எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். உலகத்தில் எந்தச் சட்டியில் போட்டாலும் இந்தக் கையைக் கண்டுபிடிப்பேன் என்று இன்னொரு வரியையும் சேர்த்துச் சொன்னேன்.

றிஸ்வியா திரும்பினாள்.

"குகதாசன் அண்ணை, கேட்டதோ? இவருக்கு நல்லாப் பிடிச்சுக்கொண்டுதாம். அந்தக் கடைக்காரற்றை போன் நம்பரை எனக்கு ஒருக்காத் தாங்கோ."

கடல் ஒருமுறை அடித்தது. கிறிஸ்ரோபருக்குச் சோடா மூக்கால் வந்தது.

"அப்ப விடியத் துவங்கி என்ரை வானிலை வந்தது வெறுஞ்சட்டியோ?"

"இறைச்சிக்கடை பூட்டுற நாளாய்ப் பாத்து இவர் பயணம் வைச்சால், நான் என்னத்தைச் சமைக்கிறது? விடிய இவர் மணந்தது பழைய சட்டி மணம்" என்றாள் றிஸ்வியா. "கடைப் பொட்டலத்திலை குடுத்தால் மணந்திட்டு எறிஞ்சிருப்பார். பாவம், நோன்பாளி."

குகதாசன் எழும்பி வந்து என் பக்கத்தில் குந்தினான். விரதக்காரனுடைய முகத்தில் அவ்வளவு அன்பு.

"நானா, நல்லி எப்பிடி? அதைக் கடைக்காரன் வேறை ஆருக்கோ எண்டு வைச்சிருந்தவன், தரமாட்டன் எண்டிட்டான். நான் விடேல்லை. எங்கடை நானாவுக்கு நல்லியிலை ஒரு கண் எண்டு எனக்கெல்லோ தெரியும். நிண்டு வாங்கினனான்."

"ம்" என்றேன்.